துஆவோடு மருந்தும்

நபித்தோழர் சஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்கச் சென்றார்கள். தம் திருக்கரத்தை அவருடைய மார்பின் மீது வைத்தார்கள். அதன் குளிர்ச்சியைத் தம் இதயத்தில் உணர்ந்ததாகச் சஅத் (ரலி) அவர்களே அறிவித்துள்ளார்கள். அந்தச் சந்திப்பிலேயே, ஸகீஃப் குலத்தைச் சேர்ந்த ஹாரிஸ் இப்னு கலதா என்னும் மருத்துவரை நாடுமாறும் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூதாவூத் தொகுப்பில் இச்செய்தி பதிவாகியுள்ளது. சற்றே சிந்தியுங்கள். அகிலத்தின் அருட்கொடையாக வந்த நபியின் கரம் நோயாளியின் மார்பில் படிந்திருக்கிறது. அதனினும் பெரிய பரக்கத் வேறு யாருக்கு வாய்க்கும்? ஆயினும், நாற்பது நாள் பார்த்துவிட்டுப் பிறகு மருத்துவரிடம் போகலாம் என்று அவர்கள் கூறினார்களில்லை.

உடலுக்கு வரும் நோயில் இந்த வழிமுறையை நாமும் கைக்கொண்டே வருகிறோம். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் ஹஜ்ரத்திடம் தண்ணீர் ஓதி வாங்குகிறோம். அன்று மாலையே டாக்டரிடமும் காட்டுகிறோம். அதே குழந்தை வளர்ந்து வாலிபனான பின் அவன் சித்தம் கலங்கத் தொடங்கினால் மட்டும் மருத்துவர் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுகிறார்.

மருத்துவர்கள் சைக்கோஸிஸ் என்றழைக்கும் இந்நோய் பெரும்பாலும் 15 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில் தலைகாட்டுவது. மெல்ல மெல்லவே வரும். முதலில் உறக்கம் கெடும். பையன் நண்பர்களை விட்டு விலகி அறைக்குள் அடைந்து கிடப்பான். பின்னர், அண்டை வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகின்றனர் என்பான். உம்மா பரிமாறிய சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டை ஒதுக்குவான். ஆளில்லாத இடத்தில் குரல் கேட்டு அதற்கு மறுமொழி கூறுவான். பெண்மக்களுக்கும் இவ்வாறே நேரும். அவர்களுள் சிலருக்குச் சற்றுப் பிந்திய வயதிலும் வரும்.

சில இல்லங்களில் இது பக்தியின் கோலம் பூண்டும் வருவதுண்டு. இரவெல்லாம் பள்ளிவாசலில் கிடப்பான்; மறைவிலிருந்து தனக்குக் கட்டளை வருகிறதென்பான். பெற்றோர் தொடக்கத்தில் மகிழ்ச்சியும் அடைவர். வணக்கத்தில் ஈடுபட்ட இளைஞனை நோயாளி என்று பழிக்கும் மடமை நமக்கு வேண்டாம். ஆனால் வணக்கம் உள்ளத்துக்கு அமைதி அளிப்பதன்றோ! உண்ணாமல், உறங்காமல், காதில் ஒலிக்கும் குரலுக்கு அஞ்சி நடுங்குபவனை அவ்வமைதி பெற்றவன் என்று எவ்வாறு கொள்வது?

இந்நிலையில் வீட்டார் என்ன செய்கின்றனர்? ஜின்னின் வேலை என்பார் ஒருவர். சூனியம் என்பார் மற்றொருவர். தாயத்தும் தகடும் வருகின்றன. ஊர் மாறினால் தெளியும் என்று மாமா வீட்டுக்கு அனுப்புவர். ‘ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகும்’ என்று நிக்காஹ் பேசுவோரும் உண்டு. தங்கைக்கு வந்த சம்பந்தம் தட்டிப்போகுமே என்ற அச்சம் வாயைக் கட்டிவிடும். குற்றம் முழுவதும் குடும்பத்தினுடையதும் அன்று. முதலில் பார்த்த டாக்டர் சத்து டானிக்கும் தூக்க மாத்திரையும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவதும் நடக்கிறது. மனநல மருத்துவர் இருக்கும் நகரமோ நெடுந்தொலைவில் உள்ளது. இப்படியே ஓராண்டு கழிந்துவிடும்.

அந்த ஓராண்டின் விலை பெரிது. சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீள, நோய் தெளிவதும் கடினமாகிறது. படிப்பு, தொழில், நட்பு யாவும் ஒவ்வொன்றாகக் கைநழுவுகின்றன. இத்தாமதத்தைக் குறைக்க இயலும் என்பதற்கு நார்வே நாட்டின் ரோகலாந்து மாவட்டம் சான்று. அங்கே நோயாளிகளுள் பாதிப் பேர் 26 வாரங்களுக்கு மேல் சிகிச்சையின்றி இருந்த நிலை முன்பு நிலவியது. 1997இல் நாளேடுகளிலும் வானொலியிலும் இந்நோயின் அறிகுறிகளை விளம்பரமாக வெளியிட்டனர். ஆசிரியர்களுக்கும் குடும்ப டாக்டர்களுக்கும் அவற்றைக் கற்பித்தனர். தாய், தோழன் என யார் வேண்டுமானாலும் தொலைபேசியில் அழைக்கத்தக்க ஒரு குழுவையும் அமைத்தனர். 26 வாரம் 5 வாரமாகச் சுருங்கியது. விளம்பரத்தை நிறுத்தியதும் மறுபடி 15 வாரமாக ஏறியது. பத்தாண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, இவ்வியக்கம் நடந்த பகுதியில் நோயிலிருந்து மீண்டு வாழ்ந்தோர் நூற்றுக்கு 31 பேர். நடக்காத பகுதிகளில் 15 பேர். அங்கே புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். இருந்த மருந்து முன்னதாகச் சேர்ந்தது, அவ்வளவே.

தாமதத்தின் மறுகோடியை நம் மாநிலம் 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் கண்டது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநோயாளர் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்டனர். அது தர்காவினுள் நிகழ்ந்ததன்று. தர்காவை நாடி வருவோரை வைத்துப் பிழைப்பு நடத்திய இடத்தில் நிகழ்ந்தது. இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்விடத்திலும் எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. வீட்டின் பின்கட்டுக்கும் அச்சட்டம் பொருந்தும்.

குஜராத் மாநிலம் உனாவாவில் உள்ள மீரா தாத்தார் தர்காவில் வேறொரு வழியைக் கண்டனர். அங்குள்ள முஜாவர்கள் நோயின் அறிகுறிகளைக் கற்றுக்கொண்டு, துஆச் செய்த கையோடு நோயாளியை அருகிலேயே அமர்ந்திருந்த மனநல மருத்துவரிடம் அனுப்பினர். ‘தவாவும் துஆவும்’ என்பது அத்திட்டத்தின் பெயர். பின்னர் ஏர்வாடியிலும் அரசு அத்தகைய ஏற்பாட்டைச் செய்தது. முஜாவரின் சொல்லை நம்பி வந்த குடும்பம் அவர் சொல்லியே மருந்தை ஏற்றுக்கொண்டது. நம் ஊர் இமாம்களும் ஓதிப் பார்க்கும் பெரியவர்களும் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஓதச் சொல்லி வருகின்ற வீட்டாரிடம், டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்க ஒரு நிமிடமே போதும்.

நோயுற்ற உறவினரை மறைத்து வைப்பதற்கு மார்க்கத்தில் இடமுண்டா? சித்தம் கலங்கியவர் தெளியும்வரை அவர்மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்பது நபிமொழி. இறைவனே பொறுத்துக்கொண்டவரை ஊரார் ஏன் தூற்ற வேண்டும்? தம் பொருளைத் தாமே பேணும் ஆற்றலற்றவர்க்கு உணவும் உடையும் அளித்து, கனிவான சொல் கூறுமாறு திருமறையின் ‘அன்னிஸா’ அத்தியாயம் பணிக்கிறது. நிக்காஹ் விஷயமோ இன்னும் கடுமையானது. பித்து நோயை மணமுறிவு கோரத்தக்க குறைகளுள் ஒன்றாக ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் வைத்துள்ளன. அதனை மறைத்து ஒரு பெண்ணைக் கட்டிவைப்பது அவளுக்கு இழைக்கும் அநீதி. நோயாளிக்கும் அது சுமையே. திருமணம் ஒருபோதும் மருந்தாகாது. முறையாகச் சிகிச்சை பெற்றுத் தெளிந்தபின், உண்மையைச் சொல்லி இல்லறம் நடத்துவோர் பலர்.

எங்கே போவது என்பீர்கள். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும், டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் உள்ளன. 14416 என்ற எண்ணில் அரசின் இலவசத் தொலைபேசிச் சேவையைத் தமிழிலேயே அழைத்து, பெயரை வெளியே சொல்லவும் அஞ்சும் குடும்பத்தார் முதலில் ஆலோசனை பெறலாம். மருந்து முழுப் பயன் தரச் சில வாரங்கள் ஆகும். மயக்கமோ உடல் பருமனோ ஏற்பட்டால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். தாமாக நிறுத்தினால் நோய் திரும்பும்.

ரமலானில் இத்தவறு மிகுதியாக நேர்கிறது. நோன்பு நோற்கும் ஆர்வத்தில் மாத்திரையை விட்டுவிடுகின்றனர்; பெருநாளைக்குள் பழைய நிலை திரும்பிவிடுகிறது. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டென்பதைத் திருமறையே கூறியுள்ளது. சிலருக்கு மாத்திரை நேரத்தை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்றி டாக்டரே வழிசெய்து கொடுப்பார். உடலில் நீர் குறைந்தால் தீங்கு செய்யும் மருந்துகளும் சில உண்டு. அவற்றை உண்பவர் நோன்பு நோற்கலாமா என்பதையும் அவரே சொல்ல வேண்டும். ஆகவே ஷஅபான் மாதம் பிறந்ததுமே மருந்துச் சீட்டுடன் ஒருமுறை டாக்டரைப் பார்த்து வாருங்கள்.