தெய்வச் சிலை எந்தத் தலைப்பில் சேரும்?

மாமல்லபுரத்துச் சிற்பி ஒருவர் கருங்கல்லில் செதுக்கிய நடராசர் கப்பலேறும்போது, அது கலையா கல்லா என்பதை இன்வாய்ஸில் எழுதப்படும் ஓர் எண் முடிவு செய்துவிடுகிறது. உலக சுங்க அமைப்பின் பொருள் வகைப்பாட்டு முறை 1988 முதல் நடப்பில் இருக்கிறது. இந்தியாவின் சுங்கக் கட்டண அட்டவணையும் அதைத் தழுவியதே. கைக்கடிகாரப் பட்டைக்கும் அதன் சின்னஞ்சிறு உதிரிகளுக்கும்கூட 9113 என்று தனித் தலைப்பு ஒதுக்கியிருக்கும் முறை அது. கற்சிலைக்கோ அதில் இரண்டு இடங்கள். 6802 என்றால் வேலைப்பாடு செய்த கட்டடக் கல். தரைக்குப் போடும் கிரானைட் பலகையும் அங்கேதான். 9703 என்றால் மூலச் சிற்பம். அமெரிக்காவில் 9703க்கு வழக்கமான சுங்க வரி கிடையாது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மேல் கூடுதல் வரி 50 சதவீதமாக ஏறியபோதும் கலைப்படைப்புகளுக்கு விலக்கு இருந்தது.

9703இன் வாசலில் ஒரு தடை இருக்கிறது. வணிகத் தன்மையுள்ள மரபுவழிக் கைவினைப் பொருள்கள், கலைஞரே படைத்திருந்தாலும், அங்கே சேராது என்கிறது 97ஆம் அத்தியாயத்தின் குறிப்பு. அதன் விளக்கவுரை சமயத் திருவுருவங்களை எடுத்துக்காட்டாகவே சொல்கிறது. உள்நாட்டில் நிலைமை நேர்மாறு. கல், பளிங்கு, மரத்தாலான தெய்வ உருவங்களுக்கு 2018 ஜூலையில் ஜிஎஸ்டி மன்றம் வரியை அடியோடு நீக்கியது. அதே கல்லில் அதே கை செதுக்கிய யானைக்கு 12 சதவீதம். 2025 செப்டம்பரில்தான் அது 5 ஆனது. பக்தர்களுக்குக் கிடைத்த சலுகையில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் தெய்வம் என்பதால் இங்கே வரி போகிறது, தெய்வம் என்பதாலேயே அங்கே கலை என்ற தகுதி சந்தேகத்துக்கு உள்ளாகிறது. இரண்டு இடத்திலும் உருவம் யாருடையது என்று கேட்கிறார்கள். செதுக்கியவர் யார், எப்படிச் செதுக்கினார் என்று கேட்பதில்லை. வகைப்பாடு அந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும்.

சாத்திரம் விதித்த தாலமான அளவில் செய்யும் சிலையில் மூலப் படைப்பு என்று என்ன இருக்கிறது என்பார்கள். முகம் இத்தனை, கை இத்தனை என்ற அளவைத்தான் சாத்திரம் தருகிறது. தூக்கிய திருவடியில் எவ்வளவு துள்ளல், இதழில் எவ்வளவு நகை என்பது உளி பிடித்தவரின் தீர்ப்பு. மாமல்லபுரத்துக் குகையில் மகிஷனோடு போர் புரியும் துர்க்கையும் சமய உருவம்தான். அதைக் கலையல்ல என்று யாரும் சொல்வதில்லை. நியூயார்க் சுங்கமும் ஒருமுறை உருவத்தை மட்டும் பார்த்துத் தவறியது. 1926இல் சிற்பி பிரான்குசியின் பறவைச் சிற்பத்தைச் சமையலறை, மருத்துவமனைச் சாமான்களோடு சேர்த்து 40 சதவீத வரி கேட்டது. பறவை போலவே இல்லையே என்பது வாதம். அது தொழில்முறைச் சிற்பியின் மூலப் படைப்பு என்று 1928இல் நீதிமன்றம் ஏற்று, வரியை நீக்கியது.

இதை ஒப்புக்கொண்டால் கடைத்தெருப் பிள்ளையார் எல்லாம் கலைப்படைப்பு என்று கிளம்பிவிடும் என்ற அச்சம் நியாயமானது. ஒரே மாதிரியில் நூற்றுக்கணக்கில் வருபவை 6802இலேயே இருக்கட்டும். ஆனால் கிரைண்டர் தொட்டதாலேயே ஒரு சிலையைத் தள்ளிவிட முடியாது. கருவியோ இயந்திரமோ ஓரளவு பயன்பட்டாலும் பெரும்பகுதி கையால் செய்யப்பட்டால் அது கைவினைப் பொருளே என்று 2018 ஜிஎஸ்டி அறிவிக்கையே சொல்கிறது. தேவைப்படுவது சான்று. மாமல்லபுரக் கற்சிற்பத்துக்கு 2017இல் கிடைத்த புவிசார் குறியீடு எந்த ஊர் என்று சொல்லும். எந்தக் கை என்று சொல்லாது. 1957இல் தொடங்கிய மாமல்லபுரத்து அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியும் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகாரும் சேர்ந்து, சிற்பியின் பெயர், வேலை நடந்த கட்டங்களின் படங்கள், ஒரே படிதான் என்ற உறுதி ஆகியவை கொண்ட சான்றிதழை ஒவ்வொரு தனிச் சிலைக்கும் வழங்க வேண்டும். சிலை வாங்குவோரும் ‘கற்சிலை 1’ என்று மட்டும் எழுதிய பில்லை வாங்கிக்கொள்ளாமல், சிற்பியின் பெயரையும் அதில் எழுதச் சொல்ல வேண்டும்.