சுவர் சுமக்கும் அலமாரி

வீட்டிற்குள் இடம் பெறாத பொருள்களுக்கெல்லாம் அடைக்கலம் அளிப்பது மோட்டார்க் கொட்டகை. அங்கே வண்டி நிற்கின்றதோ இல்லையோ, மண்வெட்டியும், பாதி தீர்ந்த வர்ணத் தகரமும், பழைய சைக்கிளும், உரமூட்டையும், மண்ணெண்ணெய்க் கலனும் நிச்சயம் இருக்கும். மாத்தளைப் பகுதியிலோ இவற்றோடு மிளகுச் சாக்கு ஒன்றும் கராம்புப் பொதி ஒன்றும் சேர்ந்துவிடுவதுண்டு. பொருள்கள் பெருகப் பெருகத் தரை குறுகுகின்றது. ஈற்றில் முச்சக்கர வண்டி முற்றத்து மழையில் நனைய, பழைய தகரங்கள் கூரையின்கீழ்ச் சுகமாக வாழ்கின்றன.

இதற்குப் பரிகாரம் என்ன? தரையில் இடம் இல்லையெனில் சுவரை நாடவேண்டியதுதான். இது புதிய யோசனையன்று. நம் பாட்டிமார் தயிர்ச் சட்டியை உறியில் தொங்கவிட்டார்கள். விறகையும் வித்துக் காய்களையும் பரணில் ஏற்றினார்கள். விளக்கிற்குச் சுவரிலேயே மாடம் குடைந்தார்கள். எறும்பும் பூனையும் ஈரமும் எட்டாத உயரமே பத்திரமான இடம் என்பது அவர்கள் கண்ட உண்மை. சுவரில் பொருத்தும் அலமாரி அந்த உறியின் பேரப்பிள்ளை எனலாம். ஆயினும் உறி வீழ்ந்தால் தயிர் மட்டுமே போகும்; நிறைந்த அலமாரி வீழ்ந்தால் ஆளுக்கே ஆபத்து. ஆகவே அதனை அமைக்கும் முறையை நன்கு அறிந்துகொள்ளுதல் அவசியம்.

மாத்தளை மண்ணில் ஏன் இது வேண்டும்?

மாத்தளை மாவட்டத்தின் தென்பகுதி மலைச்சாரல். வடக்கே தம்புள்ளை, கலேவலைப் பக்கம் வறண்ட சமவெளி. சாரலில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை விடாது பெய்யும்போது கொட்டகைத் தரை வியர்க்கின்றது. தரையில் வைத்த சீமெந்துப் பை கல்லாகின்றது, கருவிகள் துருவேறுகின்றன, மரப்பெட்டியின் அடியைக் கறையான் கண்டுபிடித்துவிடுகின்றது.

இரண்டாவது காரணம் வாசனைப் பயிர்கள். மிளகு, கறுவா, கொக்கோ, தேயிலை ஆகியவை தமக்கென நறுமணம் உடையவை. அயல் மணத்தையும் எளிதில் ஈர்த்துக்கொள்பவை. மண்ணெண்ணெய்க் கலனுக்கு அருகே சில வாரங்கள் கிடந்த மிளகை முகர்ந்து பார்க்கும் வியாபாரி, விலையைக் குறைப்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் பாடுபட்டுப் பெற்ற பலன் ஒரு மூலையின் ஒழுங்கீனத்தால் கெடலாமா?

மூன்றாவது காரணமே முதன்மையானது. காய்கறிச் செய்கை நடைபெறும் தம்புள்ளை, நாவுலைப் பகுதிகளில் பூச்சிநாசினியும் களைநாசினியும் பல வீடுகளில் இருப்பவை. மண்ணெண்ணெயோ ஏறக்குறைய எங்கும் உண்டு. தவழும் குழந்தைக்கும் தத்தித் திரியும் குழந்தைக்கும் தரையில் உள்ள போத்தல் ஒரு விளையாட்டுப் பொருள். அதுவும் குளிர்பானப் போத்தலில் மண்ணெண்ணெயை ஊற்றி வைத்துவிட்டால், அதனைத் தண்ணீர் என்று எண்ணுவது குழந்தையின் குற்றமாகுமா?

முதலில் சுவரை அறிக

சுவரை வைத்தே சித்திரம் எழுதவேண்டும் என்பது முதுமொழி. அலமாரிக்கும் அதுவே விதி. எத்துணை உறுதியான பலகையாயினும், எத்துணை நீண்ட திருகாணியாயினும், முடிவில் பாரத்தைத் தாங்குவது சுவரே.

சுவரின் உள்ளியல்பை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. மறைவான ஓரிடத்தில் சிறு துளை இட்டு, வெளிவரும் தூளைக் கவனியுங்கள். முதலில் மேற்பூச்சின் தூள் வரும். அதற்குப் பின் சிவந்த தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத் தூள் வந்தால் சீமெந்துக் கல். துளைக்கருவி சட்டென வெற்றிடத்துள் விழுந்தால் அஃது உட்குழிந்த கல். ஈர மண்போல் பொலபொலவென உதிர்ந்தால் அது மண்சுவர்.

செங்கற் சுவர் நல்ல தாங்கி. எனினும் கற்களுக்கு இடைப்பட்ட சாந்தில் துளையிடலாகாது. கல்லின் நடுவிலேயே இடவேண்டும். மேற்பூச்சுக்குப் பலமில்லை, அதனைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. மரச்சட்டம் 20 மில்லிமீற்றர், மேற்பூச்சு 15 மில்லிமீற்றர், கல்லினுள் 50 மில்லிமீற்றர் எனக் கொண்டால், 85 மில்லிமீற்றர் நீளமான திருகாணி தேவைப்படும். இரண்டு அங்குல ஆணி போதும் என்று கூறுவோர், அதன் பெரும்பகுதி சட்டத்திலும் பூச்சிலுமே முடிந்துவிடுவதை எண்ணுவதில்லை.

உட்குழிந்த சீமெந்துக் கல்லின் ஓடு மெல்லியது. அதிரடியாகத் துளைத்தால் உட்புறம் உடைந்துவிடும். ஆகையால் துளைக்கருவியின் சம்மட்டி அசைவை நிறுத்தி, மெதுவாகத் துளைத்தல் நன்று. கொட்டகைச் சுவருக்கு ஒரு வசதி உண்டு: அதன் மறுபுறம் பெரும்பாலும் வெளிமுற்றம். எனவே நீண்ட போல்ட்டைச் சுவரினூடே செலுத்தி, மறுபுறத்தில் அகன்ற இரும்புத் தகடு வைத்து நட்டால் இறுக்கலாம். பின்னர் வெளித்துளையை மழைநீர் புகாதவாறு அடைத்துவிட வேண்டும்.

மண்சுவரில் அலமாரியைத் தொங்கவிடவே கூடாது. அங்கே நான்கு கால்கள் நிறுத்தி அவற்றின்மீது அலமாரியை ஏற்றி, முன்னே சாயாதிருப்பதற்கு மட்டும் மேலே கூரைச் சட்டத்தோடு பிணைத்தலே முறை.

செருகி பிறந்த கதை

சுவர்த் துளையில் நாம் செருகும் சிறு பிளாஸ்டிக் குழலைக் கடைகளில் ரோல்பிளக் என்று கேட்டு வாங்குகிறோம். அப்பெயர் ஜோன் ஜோசப் ரோலிங்ஸ் என்னும் ஆங்கிலேயரிடமிருந்து வந்தது. அதற்கு முன்பு சுவரில் பெருந்துளை குடைந்து, மரக்கட்டையை அடித்து இறுக்கி, அக்கட்டையில் ஆணி அறைவதே வழக்கம். லண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் சுவருக்கு ஊறு நேராதவாறு மின் சாதனங்களைப் பொருத்த வேண்டியிருந்தபோது, சணல் நாராலான சிறு செருகியை அவர் உருவாக்கினார். 1911ஆம் ஆண்டளவில் அதற்கு உரிமையும் பெற்றார். 1958இல் ஜேர்மனியின் ஆர்தர் பிஷர் என்பவர் நைலோனினால் விரியும் செருகியைச் செய்தார். இரண்டிற்கும் தத்துவம் ஒன்றே: திருகாணி நுழைய நுழையச் செருகி விரிந்து துளையின் உட்சுவரை அழுத்துகின்றது, அந்த அழுத்தத்தின் உராய்வே பிடிமானம். துளை பெரிதாகிவிட்டால் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லையேல் பிடிமானமும் இல்லை. 8 மில்லிமீற்றர் செருகிக்கு 8 மில்லிமீற்றர் துளையே இடவேண்டும். துளையினுள் தூளை விட்டுவைப்பதும் பிடியைக் கெடுக்கும்.

மாணவர்க்கு ஒரு கணக்கு

அலமாரி இரு விதமாகச் சுவரை வருத்துகின்றது. ஒன்று, கீழ்நோக்கி இழுக்கின்றது. மற்றொன்று, மேற்பகுதி முன்னோக்கிச் சாய முயல்கின்றது. இரண்டாவதே கள்ளத்தனமானது. பாடசாலையிற் படிக்கும் நெம்புகோல் விதி கொண்டு அதனை அளக்கலாம்.

அலமாரியின் உயரம் 60 சென்ரிமீற்றர், ஆழம் 30 சென்ரிமீற்றர், பொருள்களுடன் மொத்த நிறை 40 கிலோகிராம் எனக் கொள்வோம். நிறை, சுவரிலிருந்து ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் தள்ளி நடுவே அமையும். 40ஐ 15ஆற் பெருக்கி 60ஆல் வகுத்தால் 10. மேல் ஆணிகள் யாவும் சேர்ந்து 10 கிலோகிராம் இழுவையைத் தாங்கவேண்டும் என்பது இதன் பொருள். ஆழத்தை 60 சென்ரிமீற்றராக்கினால், அதே நிறைக்கு இழுவை 20 ஆகிவிடும். ஆழத்தை 30 ஆகவே வைத்து உயரத்தை 90 ஆக்கினாலோ, 7க்குச் சற்றுக் குறைந்துவிடும். எனவே சுவர் அலமாரி ஆழம் குறைந்தும் உயரம் மிகுந்தும் இருத்தல் நலம்.

இன்னொன்றையும் கணக்கிட்டுப் பாருங்கள். சைக்கிள்மீது ஏறி, திறந்த கதவின் ஓரத்தைப் பற்றித் தொங்கும் சிறுவனின் நிறை 20 கிலோகிராம். அவன் தொங்கும் இடம் சுவரிலிருந்து 45 சென்ரிமீற்றர் தூரம். அவனால் மட்டும் கூடும் இழுவை 15. அலமாரியின் உட்பொருள்கள் அனைத்திலும் அவனே பெரும் பாரம்! தேவைக்கு மிஞ்சிய பலத்துடன் அமைக்க வேண்டும் என்று தச்சர் வற்புறுத்துவது இதனாற்றான்.

சீகிரியா கற்பிக்கும் பாடம்

இம்மாவட்டத்திலேயே, சீகிரியாக் குன்றின் செங்குத்தான பாறைமீது செங்கற் படிகளும் சுவர்களும் ஏறிச் சென்றன. காசியப்ப மன்னன் 477 முதல் 495 வரை ஆண்ட காலத்தில் எழுந்தவை அவை. செங்கற்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன; அவை அமர்வதற்கெனப் பாறையில் வெட்டிய பள்ளங்கள் இன்றும் தெரிகின்றன. சாந்தின் ஒட்டும் தன்மையை மட்டும் நம்பாது, பாரம் உட்கார ஓர் இருக்கை செய்தார்கள் அன்றைய சிற்பிகள்.

நாமும் அதனையே சிறிய அளவிற் செய்யலாம். அலமாரியை நேரே ஆணியில் மாட்டாமல், முதலில் சுவரில் ஒரு நீண்ட மரச்சட்டத்தைப் பொருத்துங்கள். அதன் மேல்விளிம்பைச் சுவர்ப்பக்கம் பள்ளமாகச் சரியும்படி 45 பாகை சாய்வாகச் சீவ வேண்டும். அதற்கு இணங்கச் சீவிய மற்றொரு சட்டத்தை அலமாரியின் முதுகில் தலைகீழாகத் திருகிவிட்டால், அலமாரியைத் தூக்கி வைத்தவுடன் ஒன்றினுள் ஒன்று அமர்ந்துகொள்ளும். பாரம் மிகமிகச் சுவரோடு இறுகுமேயன்றி நழுவாது. அலமாரியின் அடியில் இன்னொரு சட்டத்தைப் பொருத்தினால், கீழ்நோக்கிய பாரத்தில் ஒரு பங்கை அது ஏற்கும்.

சட்டத்தைப் பொருத்துமுன் மட்டம் பார்த்தல் வேண்டும். தரையிலிருந்து அளந்தால் ஏமாந்துபோவோம். நீர் வழிந்தோடும்பொருட்டுக் கொட்டகைத் தரை வாயிலை நோக்கிச் சரிந்திருக்கும். இரசமட்டம் இல்லாதோர், கண்ணாடி போன்ற றப்பர்க் குழாயில் நீர் நிரப்பி, மேசன்மார் செய்வதுபோல் இரு முனைகளின் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளலாம். மின் ஆளிக்கு நேர் மேலும் கீழும் துளையிடுவது உயிருக்கே உலை வைக்கும். அங்கே கம்பி ஓடக்கூடும். கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, துணைக்கு ஒருவரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தால் இன்னொரு நன்மையும் விளைகின்றது. அலமாரியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி கிடைக்கின்றது. அதனூடே காற்று உலாவும், ஈரம் தங்காது, கறையான் புற்று எழுந்தால் கண்ணிற்படும். தம்புள்ளைக் குகைகளின் நெற்றியில் வெட்டிய விளிம்பு, பாறையில் வழியும் மழைநீரை உள்ளே புகவிடாமல் சொட்டச் செய்வதைப் பார்த்தவர்கள், ஈரத்தை வெல்லும் வழி அதற்குப் பாதை மாற்றுவதே என்பதை உணர்வார்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஈரத்தில் ஊதிவிடும். கொட்டகைக்கு நல்ல ஒட்டுப்பலகையோ மரப்பலகையோ ஏற்றது.

பொருத்தியவுடன் பொருள்களை அடுக்கிவிடாதீர்கள். வைக்க எண்ணிய நிறைக்குச் சமமான மணற் பைகளை வைத்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே நூலளவு விலகல் தென்பட்டாலும் கழற்றி, மீண்டும் பொருத்துக.

எதை எங்கே வைப்பது?

கனமானவை கீழ்த் தட்டில், சுவரை ஒட்டி. இலேசானவை மேலே. மிளகும் கராம்பும் வீட்டினுள்ளேயே இருக்கட்டும். இடமில்லையெனில் வேறொரு சுவரில் தனி அலமாரியில், இறுக மூடிய கலங்களில் வைக்கலாம். பெற்றோலை அலமாரியிற் சேமிக்கவே வேண்டாம்.

நஞ்சுப் பொருள்களுக்கு ஒரு தனித் தட்டும் பூட்டும் அவசியம். அவை தத்தம் கலன்களிலேயே, பெயர்ச்சீட்டு கிழியாமல் இருக்கவேண்டும். சாவி, பூட்டிலேயே தொங்கினால் பூட்டு இருந்தும் பயனில்லை.

இத்தனை காவலையும் மீறிக் குழந்தை மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்கச் செய்யலாகாது. வெளிவரும்போது அது நுரையீரலிற் புகுந்து பெருங்கேடு விளைவிக்கும். குடித்த பொருளின் கலனையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு விரைவதே கடமை. வாகன வசதி இல்லாதோர் 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்தால், சுவசரிய இலவச அம்புலன்ஸ் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உழைப்பும், சில மரச்சட்டங்களும், கையளவு திருகாணிகளுமே இப்பணிக்கு வேண்டியவை. இவற்றால் கொட்டகைத் தரை மீண்டும் வண்டிக்கு உரியதாகும். மிளகு தன் மணத்தோடு சந்தைக்குச் செல்லும். வீட்டுக் குழந்தை கொட்டகைக்குள் ஓடினாலும் தாயின் நெஞ்சு பதைக்காது.