பேரன் வந்திருக்கிறான், எங்கே போகலாம்?

சென்னையில் இருக்கும் தாத்தா-பாட்டிகளுக்கு கோடை விடுமுறை யோசனைகள்

பள்ளிக்கூடம் மூடிவிட்டது. வெளியூரில் இருந்து பேரன் வந்துவிட்டான். பாட்டிக்கு ஒரே சந்தோஷம். முறுக்கு சுட்டாகிவிட்டது. மாம்பழக் கூடையும் வந்து இறங்கிவிட்டது.

இரண்டு நாள் கழிந்தது. பேரன் ஒரு மூலையில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டு இருக்கிறான். "சாப்பிட வாப்பா" என்றால் "உம்" என்கிறான். "படிப்பு எப்படி?" என்றால் "நல்லா இருக்கு" என்கிறான். அதோடு பேச்சு முடிந்தது.

தாத்தா பெருமூச்சு விடுகிறார். "போன வருஷம் என் தோளில் தொங்கியவன் ஆயிற்றே!"

பேரனைக் கோபிக்கவேண்டாம். அவனுக்கு வயது 14. கையைப் பிடித்து ராட்டினத்துக்கு அழைத்துப்போனால் கூச்சப்படுவான். பெரிய நகரத்தில் தனியாக அனுப்பவோ உங்களுக்கு மனம் வராது. என்ன செய்வது?

நீங்கள் அவனை அழைத்துப்போகாதீர்கள். உங்களை அழைத்துப்போகச் சொல்லுங்கள்! தாத்தாவுக்கு ஊர்க்கதை தெரியும். பேரனுக்கு செல்போனில் வழி பார்க்கத் தெரியும். இரண்டும் சேர்ந்தால் போதும். பேத்தியாக இருந்தாலும் இதே யோசனைதான்.

எம்டன் குண்டு

முதலில் மெட்ரோ ரெயிலில் ஏறுங்கள். சென்னையில் இது 2015-ம் ஆண்டு ஓடத்தொடங்கியது. சீட்டு எடுப்பதும், எந்தப் பக்கத்து ரெயில் என்று பார்ப்பதும் பேரன் பொறுப்பு. நகரும் படிக்கட்டைக் கண்டு தாத்தா தயங்கினால், "லிப்ட்" இருக்கிறது.

உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்குங்கள். சிவப்பு நிறத்தில் நிற்கும் அந்தப் பெரிய கட்டிடம் 1892-ம் ஆண்டு திறக்கப்பட்டது.

1914-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ந் தேதி இரவு. முதல் உலகப்போர் நடந்த சமயம். "எம்டன்" என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக்கு அருகே வந்து குண்டு வீசியது. துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. மக்கள் ஊரைக் காலிசெய்து ஓடினார்கள். நீதிமன்றச் சுற்றுச்சுவரிலும் ஒரு குண்டு விழுந்தது. அந்த இடத்தில் நினைவுக்கல் பதித்திருக்கிறார்கள்.

"அவன் சரியான எம்டன்" என்று பாட்டி சொல்வதுண்டு அல்லவா? அந்தப் பேச்சு இந்தக் கப்பலில் இருந்து வந்ததுதான்! இதைக் கேட்டால் பேரன் செல்போனைப் பையில் போட்டுவிடுவான்.

உச்சி வெயிலில்

அக்கினி நட்சத்திர வெயிலில் அலையக்கூடாது. காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை நிழலில் இருப்பதே நல்லது.

அதற்கு எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1851-ம் ஆண்டு தொடங்கியது. திருவாலங்காட்டு நடராஜரை அங்கே பார்க்கலாம். திமிங்கலத்தின் எலும்புக்கூட்டையும் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை.

இன்னொரு நாள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். இது 2010-ம் ஆண்டு திறக்கப்பட்டது. சிறுவர்களுக்குத் தனிப்பகுதி உண்டு. பேரன் கதைப்புத்தகம் படிக்கட்டும். தாத்தா பத்திரிகை படிக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து படிப்பதும் ஒரு வகைப் பேச்சுதான்.

மாலையில் மெரினா

வெயில் தணிந்ததும் கடற்கரை. அங்கே நான்கு பேர் பாறையை நெம்பித் தள்ளும் உழைப்பாளர் சிலை நிற்கிறது. சிற்பி தேவி பிரசாத் ராய் சவுத்ரி செய்தது. 1959-ம் ஆண்டு திறக்கப்பட்டது. இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டதும் சென்னைக் கடற்கரையில்தான். 1923-ம் ஆண்டு சிங்காரவேலர் அதை நடத்தினார். இதைச் சொல்லிவிட்டு, தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல் வாங்கிக்கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை! மெரினாவில் குளிக்க இறங்கவே கூடாது. "முழங்கால் தண்ணீர்தானே" என்று தோன்றும். அலை திரும்பும்போது காலடி மணலை அரித்து ஆளை உள்ளே இழுத்துவிடும். நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே உயிர் இழந்திருக்கிறார்கள். இந்த விஷயத்தில் பேரன் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கண்டிப்பாக இருங்கள்.

பாட்டியின் பங்கு

பாட்டியை வீட்டிலேயே விட்டுவிடலாமா? ஒரு நாள் காலையில் மயிலாப்பூர் மாட வீதிகளுக்கு அவர் பேரனை அழைத்துப்போகட்டும். பணமும் பையும் பேரன் கையில். காய் பார்த்து வாங்குவதும், பேரம் பேசுவதும், கணக்கு எழுதுவதும் அவன் வேலை. அன்றைய குழம்பு அவன் வாங்கிய காயில்தான். அதில் உப்பு கூடினாலும் ருசி குறையாது!

அதற்குக் கைம்மாறாக, முகம் பார்த்துப் பேசும் செல்போன் அழைப்பை பாட்டிக்கு அவன் கற்றுக்கொடுக்கட்டும். ஒருமுறை சொன்னால் போதாது. தினம் ஒருமுறை பழக்கவேண்டும்.

ஏன் தெரியுமா?

விடுமுறை முடிந்ததும் பேரன் ரெயில் ஏறிவிடுவான். வீடு வெறிச்சென்று ஆகிவிடும். முறுக்கு டப்பாவைத் திறக்க ஆள் இருக்காது. ஆனால் ஒருநாள் மாலை செல்போன் ஒலிக்கும். பாட்டி தானே எடுப்பார். பேரன் முகம் தெரியும்.

"தாத்தாவைக் கூப்பிடுங்க பாட்டி. எம்டன் கதையை வகுப்பில் சொன்னேன். ஆசிரியரே அசந்துட்டார்!"

தாத்தா மூக்குக்கண்ணாடியைத் தேடி எழுந்து வருவார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே, கால் வலித்தாலும் மெட்ரோ ரெயில் ஏறலாம்.