அண்டத்தின் விளிம்பைத் தேடி – 11: கழுதைக்காரர் அளந்த வேகம்

மில்டன் ஹ்யூமசன் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டபோது வயது 14. மலை பிடித்துப்போய்விட்டது, அவ்வளவுதான். கலிஃபோர்னியாவின் மவுன்ட் வில்சன் உச்சியில் வானாய்வகம் எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது. தளவாடங்களைச் சுமக்கும் கோவேறு கழுதைகளை மலைமேல் ஓட்டிப்போகும் வேலை கிடைத்தது. ஆய்வகத்துப் பொறியாளரின் மகளையே கல்யாணமும் செய்துகொண்டார். 1917-ல் அதே ஆய்வகத்தில் துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்தார். இரவில் தொலைநோக்கிக்கு உதவியாள் கிடைக்காதபோது இவரைக் கூப்பிட்டார்கள். வேலை கச்சிதமாக இருந்தது. சில வருஷங்களில் வானியலாளர்களின் வரிசையிலேயே பெயர் ஏறிவிட்டது.

சென்ற நூற்றாண்டில் வானியல் கண்ட பெரிய உண்மையில் பாதி இந்த மனிதரின் பொறுமையில் நிற்கிறது.

தூரத்து கேலக்ஸியின் வெளிச்சம் 100 அங்குலத் தொலைநோக்கியில் வந்து விழும்போதுகூட மங்கல்தான். அதையும் நிறமாலையாகப் பிரித்தால் இன்னும் மங்கிவிடும். ஒரு கண்ணாடித் தட்டில் அது பதிய ஓர் இரவு போதாது. விடிந்ததும் தட்டை இருட்டில் பத்திரப்படுத்தி, மறுநாள் இரவு அதே கேலக்ஸியைக் குறிவைத்து விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். கூரை திறந்திருப்பதால் மலைக்குளிர் நேராக உள்ளே இறங்கும். கணப்பு மூட்டினால் காற்று அலைந்து படம் கெடும். ஆகவே குளிரிலேயே உட்கார்ந்து, இலக்கு விலகாமல் கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கீற்று. அதில் கால்சியத்தின் இரண்டு கருங்கோடுகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று நுண்ணோக்கியில் வைத்து அளக்க வேண்டும். நகர்வு எவ்வளவோ அவ்வளவு வேகத்தில் அந்த கேலக்ஸி நம்மைவிட்டு விலகுகிறது.

என்ஜிசி 7619 என்ற கேலக்ஸிக்கு அவருக்குக் கிடைத்த விடை விநாடிக்கு 3,779 கிலோமீட்டர். அதுவரை அளந்தவற்றில் அதிக வேகத்தைப்போல் இது இரண்டு மடங்கு.

1929-ல் வானியலாளர் எட்வின் ஹப்பிள் கேலக்ஸிகளின் தூரத்தையும் வேகத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டார். தூரம் கூடக்கூட வேகமும் கூடியது. தூரங்களை அவர் அளந்தது, ஹென்றியட்டா லீவிட் என்ற பெண்மணி ஹார்வர்டில் கண்டுபிடித்துத் தந்த செஃபீடு விண்மீன்களின் அளவுகோலை அடிப்படையாக வைத்து. வேகங்களில் பெரும்பாலானவை அரிசோனாவில் வெஸ்டோ ஸ்லைஃபர் வருஷக்கணக்காகச் சேர்த்தவை. ஸ்லைஃபரின் பெயரை அந்தக் கட்டுரையில் ஹப்பிள் சொல்லவில்லை. பெரிய மனிதர்களிடமும் இந்தச் சின்னத்தனம் உண்டு.

இப்படி எல்லாம் விலகுவதன் பொருள், அண்டம் விரிகிறது என்பது. அதைக் கணக்கில் முதலில் பிடித்தவர்களில் ஒருவர், பெல்ஜியத்துப் பாதிரியார் ஜார்ஜ் லெமெய்த்ர். 1927-லேயே பிரெஞ்சு மொழியில் எழுதிவிட்டார். ஐன்ஸ்டைன் அவரைச் சந்தித்தபோது, கணக்கில் குற்றமில்லை, இயற்பியல்தான் சகிக்கவில்லை என்கிற மாதிரி முகத்தில் அடித்துச் சொன்னாராம். 2018-ல்தான் சர்வதேச வானியல் ஒன்றியம் வாக்கெடுப்பு நடத்தி, தூரம் கூடினால் வேகமும் கூடும் என்ற விதிக்கு ஹப்பிள்-லெமெய்த்ர் விதி என்று பெயர் மாற்றப் பரிந்துரைத்தது.

எல்லாம் நம்மைவிட்டு ஓடுகின்றன என்றால் நாம்தான் நடுவில் இருக்கிறோமா? இல்லை. வாசலில் ஒரு புள்ளிக் கோலம். புள்ளிக்குப் புள்ளி ஒரு சாண். எல்லா இடைவெளியும் ஒரே சமயத்தில் இரண்டு சாணாகிறது என்று வையுங்கள். எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் பக்கத்துப் புள்ளி ஒரு சாண் தள்ளிப்போயிருக்கும், மூன்றாவது புள்ளி மூன்று சாண் தள்ளிப்போயிருக்கும். தூரத்துப் புள்ளிக்கு வேகம் அதிகம். நடு என்று எதுவும் இல்லை. ஒரு குறை: கோலத்துக்கு ஓரம் உண்டு, அதற்கு வெளியே தெரு உண்டு. அண்டத்துக்கு அப்படி ஓரம் இருப்பதாக எந்த அளவீடும் காட்டவில்லை. அண்டம் எதற்குள் விரிகிறது என்ற கேள்விக்கு, வெளியே காலியிடம் தேவையே இல்லை என்பதுதான் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் தரும் பதில். இடைவெளியே வளர்கிறது. மனசு இதை ஒப்புக்கொள்ள மறுக்கும், கணக்கு மறுக்காது.

ஆனால், வெளியே என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. அதற்குத் தெளிவான எல்லைக்கோடே இருக்கிறது. அண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. நம்மை வந்தடையும் மிகப் பழைய வெளிச்சம், அண்டத்துக்கு 3,80,000 வயதானபோது புறப்பட்டது. அது புறப்பட்ட இடம் அன்று இங்கிருந்து சுமார் 4.2 கோடி ஒளியாண்டு தூரத்தில்தான் இருந்தது. வழி நீண்டுகொண்டே போனதால் வந்துசேர இத்தனை காலம் பிடித்தது. இன்று அந்த இடம் ஏறத்தாழ 4,600 கோடி ஒளியாண்டுக்கு அப்பால். நம் பார்வைக்கு எல்லை அதுதான். அதற்கும் அப்பால் மதில் எதுவும் இல்லை. இங்கிருப்பதைப் போன்ற கேலக்ஸிகளே தொடர்கின்றன என்று நினைக்கத்தான் காரணங்கள் இருக்கின்றன.

1998-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே வெடிவிண்மீன்களை ஆராய்ந்து, விரிவின் வேகம் கூடிவருகிறது என்று காட்டின. 2011-ல் அதற்கு நோபல் கிடைத்தது. விளைவு கொஞ்சம் கொடுமையானது. இன்று நம்மிடமிருந்து சுமார் 1,600 கோடி ஒளியாண்டுக்கு மேல் தள்ளியிருக்கும் ஒரு கேலக்ஸி இந்த நிமிஷம் அனுப்பும் ஒளி நம்மிடம் எக்காலத்திலும் வந்துசேராது. அதன் பழைய ஒளியைப் பார்த்துக்கொண்டிருப்போம். புதுச் சேதி கிடையாது. காணக்கூடிய அண்டத்தின் கொள்ளளவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஏற்கெனவே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது.

விரிவு எவ்வளவு வேகம் என்பதில் மட்டும் இன்னும் ராசி இல்லை. 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு விநாடிக்குச் சுமார் 67 கிலோமீட்டர் என்கிறது அந்தப் பழைய வெளிச்சத்தை வைத்துப் போட்ட கணக்கு. செஃபீடுகளையும் வெடிவிண்மீன்களையும் வைத்து அளந்தவர்கள் 73 என்கிறார்கள். இரு தரப்பும் தத்தம் கருவிகளைத் திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டன, இருவரும் இறங்கிவரவில்லை. அந்த வழக்கை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.