குழல் மாறிய கதை – 7: தாத்தா வீட்டுக்கு வந்த பேரன்

போன வாரம் பிரெஞ்சுப் படையின் சஸ்போ துப்பாக்கி கிரா துப்பாக்கியானது. காகிதத் தோட்டா போய்ப் பித்தளைத் தோட்டா வந்தது, வருடம் 1874. மற்றதைப் பழைய இதழில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் புதுச்சேரியின் ஊசுட்டேரிக்கும் பாகூர் ஏரிக்கும் வாத்து வேட்டைக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். போவோம். அதற்குமுன் ஒரு தோட்டாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாலு நாளாக அது என்னைத் தூங்க விடவில்லை.

கிராவுக்கு அடுத்து வந்த லெபெல் துப்பாக்கியின் தோட்டாவைப் படத்திலாவது பாருங்கள். அடியில் தடிமன், மேலே போகப் போகச் சரிவு, நடுவில் ஒரு தோள், அதற்குமேல் மறுபடி ஒரு சரிவு. அழகுக்காக எவனும் இப்படிச் செய்யமாட்டான். அவசரம்தான் காரணம். 1884இல் போல் வியேய் என்ற பிரெஞ்சுக்காரர் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். கருமருந்தைவிட வேகம் அதிகம். ஆகவே சின்னக் குண்டு போதும். 1886 ஜனவரியில் போர் அமைச்சராக வந்த ஜெனரல் புலான்ஜே, மே மாதத்துக்குள் புதுத் துப்பாக்கி கையில் இருக்க வேண்டும் என்றார். புதுத் தோட்டாவை முதலிலிருந்து வடிவமைக்க நேரமேது? கையிலிருந்த கிராவின் 11 மி.மீ. பித்தளைக் கூட்டை எடுத்து, வாயை 8 மி.மீ.க்கு நெருக்கிவிட்டார்கள். அடிப்பாகம் கிரா, வாய் லெபெல்.

அந்த அவசரத்துக்கான தண்டனையைப் பிரெஞ்சுப் படை நாற்பது வருடத்துக்குமேல் அனுபவித்தது. இந்தத் தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நேராக நிற்காது, வளைந்துகொண்டே போகும். முதல் உலகப்போரின் ஷோஷா இயந்திரத் துப்பாக்கிக்குக் கீழே அரைவட்டமாகத் தொங்கும் தோட்டாப் பெட்டி இந்த வளைவுக்காக வந்ததுதான். 1920களில் 7.5 மி.மீ. தோட்டா வந்த பிறகே விடிவு.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். 1914இல் போர் மூண்டது. லெபெல் துப்பாக்கி போதவில்லை. கிடங்கில் கிடந்த கிராக்களை வெளியே எடுத்தார்கள். 11 மி.மீ. ஓட்டையைச் சுருக்க முடியாது. எனவே குழலையே கழற்றிவிட்டு 8 மி.மீ. குழலைப் பூட்டினார்கள். தோட்டாவின் பின்புறத்தைத் தாங்கும் தாழ்ப்பாள்? அதில் பெரிய வேலை இல்லை. லெபெல் தோட்டாவின் அடிப்பருமனும் கிராவின் அடிப்பருமனும் ஏறக்குறைய ஒன்றுதானே! இருபத்தெட்டு வருடம் கழித்துத் தாத்தா வீட்டுக்கு வந்த பேரனுக்கு வாசற்படி பழகியதாகவே இருந்தது.

ஆனால் வீடு பழையது. லெபெலின் தாழ்ப்பாளில் முன்பக்கம் இரண்டு பற்கள் உண்டு. கிராவிலோ கைப்பிடியின் அடிக்கட்டை ஒன்றுதான் முழு அழுத்தத்தையும் தாங்க வேண்டும். ஒரு தோட்டா போடு, சுடு, மறுபடி போடு என்ற வழக்கமும் மாறவில்லை. மாற்றிய துப்பாக்கிகளை முன்வரிசைக்கு அனுப்பாமல் பின்வரிசைக் காவலுக்குக் கொடுத்தார்கள். அந்தப் போருக்குப் புதுச்சேரியிலிருந்து போய்த் திரும்பாதவர்களுக்குத்தான் கடற்கரைச் சாலையில் 1938இல் நினைவுச் சின்னம் திறந்தார்கள்.

வில்லியனூரிலும் பாகூரிலும் இருப்பவர்களுக்கு இந்தக் குழல் கணக்கு அன்னியமல்ல. அந்தக் காலத்தில் இந்தக் கொம்யூனிலிருந்து அந்தக் கொம்யூனுக்குப் போனால், பிரெஞ்சு ஊர், இங்கிலீஷ்காரன் ஊர், மறுபடி பிரெஞ்சு ஊர் என்று மாறி மாறி வரும். இங்கிலீஷ்காரன் பக்கத்து மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் குழல் .45 அங்குலம், அதாவது 11 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். கிராவும் 11. கேட்டால் அண்ணன் தம்பி மாதிரித் தெரியும். ஒன்றின் தோட்டா மற்றதற்கு உதவாது. குழல் விட்டத்தை மட்டும் கேட்டுத் தோட்டா வாங்குபவன் கையை இழப்பான்.

சட்டமும் அப்படியே வரப்போடு நின்றது. பிரிட்டிஷ் இந்தியாவின் 1878 ஆயுதச் சட்டம் பிரெஞ்சு மண்ணில் செல்லாது. வ.வே.சு. ஐயர் புதுச்சேரியில் இருந்துகொண்டு வாஞ்சிநாதனுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார் என்பார்கள். 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. அதன் குழலைப் பற்றித் தனியாக ஓர் அத்தியாயமே எழுதலாம், ஆசிரியர் முறைக்கிறார்.

பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா குடும்பத்துப் பரணில் பழைய ரைபிள் ஏதாவது கிடந்தால் ஒரு வார்த்தை. பழசு என்பதாலேயே விலக்கு இல்லை. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விட்டுவைக்கும். குழல் மாற்றுவதற்கும் உரிமம் வேண்டும். பட்டறைக்குத் தூக்கிப் போகாதீர்கள்.

ஏரி அடுத்த வாரம், கட்டாயம். லெபெல் வந்ததும் மிஞ்சிப்போன கிராக்களின் குழலுக்குள் இருந்த வரிகளை வழித்தெடுத்து, சன்னம் போட்டுச் சுடும் மலிவான வேட்டைத் துப்பாக்கிகளாக்கி விற்றார்கள். செந்த் எத்தியேன் பட்டறைகளில் தொடங்கி ஊசுட்டேரிக் கரைக்கு வருவோம். வழியில் வேறு தோட்டா எதுவும் குறுக்கிடாமல் இருந்தால்.

(தொடரும்)