ஜில்லுனு சாப்பிட்டா வயிறு மந்தமாகுமா?

போடிநாயக்கனூரில் வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி போடிமெட்டுக்குப் போனால் பனி முகத்தில் வந்து மோதும். ஏலத் தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகிறவர்களுக்கு இது தினப்படி அனுபவம். மழைக்காலத்தில் நாள் முழுக்கச் சாரல், ஈரத் தரை, காலையில் கட்டிக்கொண்டு போன ஆறின சோறு. ‘வயிறு கல்லு மாதிரி இருக்கு’ என்று யாராவது சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் உடனே, ‘குளிர்ச்சி சேர்ந்திடுச்சு, சுக்குத் தண்ணி போட்டுக் குடி’ என்பார்கள்.

இதே பேச்சு சீனாவிலும் உண்டு என்றால் ஆச்சரியமாக இருக்கிறதல்லவா?

வயிறு ஓர் அடுப்பு

சீனப் பாரம்பரிய மருத்துவம் வயிற்றை அடுப்பில் ஏற்றிய பானையாகப் பார்க்கிறது. அடியில் எரியும் நெருப்பு ‘பி’. இதை மண்ணீரல் என்று மொழிபெயர்ப்பார்கள். ஆனால் அவர்கள் சொல்வது அந்த உறுப்பை மட்டுமல்ல, மொத்தச் செரிமான சக்தியையும்தான். குளிர்ந்ததையும் பச்சையாக உள்ளதையும் அளவில்லாமல் உள்ளே தள்ளினால் நெருப்பு தணிந்துபோகும். வயிற்று உப்புசம், பசியின்மை, இளகிய மலம், அசதி எல்லாம் வரும் என்பது அவர்கள் கணக்கு. லீ துங்யுவான் என்ற மருத்துவர் 1249-ல் செரிமானத்துக்கென்றே ஒரு நூல் எழுதினார். நோய்களுக்கு மூலம் பலவீனமான வயிறுதான் என்பது அவர் வாதம்.

இங்கே ‘குளிர்ச்சி’ என்பது ஃபிரிட்ஜ் குளிர்ச்சி மட்டுமல்ல, பொருளின் குணமும்கூட. தர்பூசணி, வெள்ளரி, பாசிப்பயறு குளிர்ச்சி. சுக்கு, மிளகு, ஆட்டுக்கறி சூடு. நம் வீட்டுப் பட்டியல் போலவே இருக்கிறது! ஆனால் நண்டில் கதை மாறுகிறது. அவர்களுக்கு அது குளிர்ச்சி, இஞ்சி இல்லாமல் தொட மாட்டார்கள். நாமோ சளி பிடித்தால் நண்டு ரசம் வைக்கிறோம். ஆக, இந்தச் சூடும் குளிர்ச்சியும் தெர்மாமீட்டரில் அளக்கிற சங்கதி அல்ல; அந்தந்த ஊர் அனுபவத்தில் வந்த கணக்கு.

ஏலக்காயின் சீனத்து உறவு

ஏலக்காய்க்கே ஏலம் நடக்கும் ஊர் போடி. நம் ஏலக்காய்க்கு இஞ்சிக் குடும்பத்திலேயே ஓர் உறவுக்காரர் சீன மருந்துக் கடைகளில் இருக்கிறார். பெயர் ‘ஷா ரென்’. குளிரும் ஈரமும் சேர்ந்து வயிறு மந்தமானால் சீன வைத்தியர் எடுப்பது இதைத்தான். அதை இடித்து, கஷாயம் இறக்கப்போகும் சமயத்தில்தான் போடுவார்கள். முதலிலேயே போட்டால் வாசனை எண்ணெய் ஆவியாகிவிடும். நம் டீக்கும் இதே விதிதான்: ஏலக்காயைத் தட்டி, கடைசியில் போட்டு, மூடி வையுங்கள்.

குளிர்ந்த வயிற்றுக்கு அவர்கள் கொடுக்கும் ஒரு பழைய மருந்தில் நான்கே சரக்குகள். அதில் இரண்டு நம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைப்பவை: சுக்கும் அதிமதுரமும்.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

ஐஸ் தண்ணீர் உள்ளே போனால் வயிறு கொஞ்ச நேரம் மெதுவாகத்தான் அதைக் கீழே அனுப்புகிறது. ஆனால் அரை மணிக்குள் உடம்பு அதைத் தன் சூட்டுக்குக் கொண்டு வந்துவிடும். ஆரோக்கியமான வயிற்றுக்கு இதனால் கெடுதல் இல்லை. அடிக்கடி உப்புசம், வயிற்றுப் பொருமல் உள்ளவர்கள் ஜில்லென்ற தண்ணீரை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். சுகம் தெரிந்தால் அதையே தொடரலாம்.

இஞ்சி குமட்டலைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. ஏலக்காய்க்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. வாசனைக்கும் வாய்க்கும் நல்லது, அவ்வளவே. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு மிளகும் சுக்கும் எரிச்சலைக் கூட்டலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் சுக்குக் கஷாயத்தைத் தினமும் குடிக்குமுன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

வெந்நீரில் நிஜமான லாபம் வேறு. கொதிக்க வைத்த தண்ணீரில் காலரா, டைஃபாய்டு கிருமிகள் செத்துவிடும். மலையோடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தாலும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். அதற்காகக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்காதீர்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2016-ல் எச்சரித்தது. வெதுவெதுப்பு போதும்.

இந்த இடத்தில் மட்டும் ‘குளிர்ச்சி’ பார்க்காதீர்கள்

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. ‘தண்ணி கொடுக்காதே, இன்னும் போகும், மோர் குளிர்ச்சி, வேண்டாம்’ என்று பாட்டி தடுப்பார். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் குழந்தையின் உயிருக்கு ஆபத்து, உடம்பில் நீர் வற்றிப்போவதால்தான். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் போட்டிருக்கும் அளவுக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. வழக்கமான சாப்பாடும் கொடுக்கலாம். துத்தநாக மருந்தை டாக்டர் சொல்லும் அளவில் 14 நாள் கொடுக்க வேண்டும். கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை துவண்டுபோனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. காரணமில்லாமல் எடை குறைவது, மலம் தார் மாதிரி கறுத்துப் போவது, சாப்பாடு விழுங்க முடியாமல் அடைப்பது — இவை குளிர்ச்சியால் வருபவை அல்ல. வியர்த்துக்கொட்டி நெஞ்சை அடைப்பது ‘கேஸ்’ என்று சோடா குடித்துக் காத்திருக்கவும் கூடாது. சுக்குத் தண்ணீர் மந்தத்துக்கு; இவற்றுக்கெல்லாம் டாக்டர்தான்.