உங்களுக்குத் தெரியுமா? படகில் ஏறும் முன்...

இலவம் பஞ்சு மெத்தையில் படுத்திருப்பீர்கள். அதே பஞ்சு கடலிலும் ஆட்களைக் காப்பாற்றியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லைஃப் ஜாக்கெட்டுக்குள் தக்கைக்குப் பதிலாக இலவம் பஞ்சைத்தான் அடைத்தார்கள். அதன் ஒவ்வொரு இழையும் உள்ளே குழல், வெளியே மெழுகுப் பூச்சு. தண்ணீர் லேசில் புகாது. இன்று அந்த இடத்துக்கு ஃபோம் வந்துவிட்டது.

*

தக்கை ஜாக்கெட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு பெரும் துயரம். 1861 பிப்ரவரியில் இங்கிலாந்தின் விட்பி ஊரில் புயல். கப்பலில் தவித்தவர்களை மீட்கப் போன படகு, அன்று பலமுறை கடலுக்குள் போய் வந்தபின் கவிழ்ந்தது. 13 பேரில் 12 பேர் இறந்தார்கள். பிழைத்தவர் ஹென்றி ஃப்ரீமன் ஒருவர்தான். புது மாதிரித் தக்கை ஜாக்கெட் அன்று அவர் உடம்பில் மட்டுமே இருந்தது.

*

தண்ணீரில் நம் எடையின் பெரும்பகுதி தாங்கப்பட்டுவிடுகிறது. பெரியவர் ஒருவரின் தலை நீருக்கு மேல் நிற்க இன்னும் 3 முதல் 5 கிலோ மிதப்பு கிடைத்தால் போதும். ஜாக்கெட்டின் உட்புறச் சீட்டில் 50, 100, 150 என்று நியூட்டன் கணக்கு இருக்கும். 10 நியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும் விசை.

*

அமெரிக்காவில் உல்லாசப் படகு என்றால் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் படகில் இருந்தே ஆக வேண்டும். அப்படியும் அங்கே படகு விபத்தில் மூழ்கி இறப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அதை அணியாதவர்கள். கவிழும் படகு யாருக்கும் நேரம் கொடுப்பதில்லை. இருக்கைக்கு அடியில் கிடக்கும் ஜாக்கெட்டைத் தேடி எடுத்து, மூன்று கொக்கியையும் தண்ணீருக்குள் பூட்ட யாரால் முடியும்?

நமக்கும் இது தெரியாததல்ல. 2009 செப்டம்பர் 30, தேக்கடி: படகு கவிழ்ந்து இறந்தவர்கள் 45 பேர். 2011 கிறிஸ்துமஸ் நாள், பழவேற்காடு ஏரி: 22 பேர். சுற்றிப் பார்க்கப் போனவர்கள்தான் எல்லோரும். அந்த எண்களை எழுதும்போது இன்னும் கை நடுங்குகிறது.

*

போன கோடையில் ஒரு படகுத் துறையில் பார்த்தேன். ஐந்து வயதுப் பெண் குழந்தைக்குப் பெரியவர்கள் போடும் ஜாக்கெட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். மூன்று கொக்கியில் இரண்டு உடைந்து, நாடா தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கினேன். ஜாக்கெட் அப்படியே காதைத் தாண்டி வந்துவிட்டது. குழந்தை உள்ளே நின்று சிரித்தது. தண்ணீரிலும் இதேதான் நடக்கும்: ஜாக்கெட் மேலே மிதக்கும், குழந்தை நழுவிக் கீழே போகும். “இவளுக்குச் சின்னது கேளுங்கம்மா, கால் நடுவில் வார் இருக்கிறதா என்று பாருங்கள்” என்றேன். அந்தத் தாய் கேட்டு வாங்கினார். கொடுத்தார்கள், உள்ளே வைத்திருந்திருக்கிறார்கள். தூக்கிப் பார்க்க இரண்டு விநாடி. தயவுசெய்து கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

*

அவுட்போர்டு இன்ஜினில் சிவப்பாக ஒரு சுருள் கயிறு தொங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? கில் கார்டு. ஒரு முனை இன்ஜின் சுவிட்சில், மறுமுனை ஓட்டுபவரின் காலிலோ ஜாக்கெட்டிலோ. அவர் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். கட்டாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி வரும், சுழலும் காற்றாடியோடு. 2013 மே மாதம் இங்கிலாந்தின் பாட்ஸ்டோ அருகே ஒரு குடும்பத்தினர் ஆறு பேரும் படகிலிருந்து தூக்கி வீசப்பட்டார்கள். தந்தையும் எட்டு வயது மகளும் இறந்தார்கள். கயிறு படகில் இருந்தது. யார் மீதும் மாட்டப்படவில்லை. 26 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகளில் இந்த ஏற்பாடு இருந்தால் அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்கா சட்டமாக்கியது.

*

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தளத்தில் போய்த் தேங்கும். இன்ஜின் உள்ளேயே இருக்கும் படகில், ஸ்டார்ட் செய்யும் முன் காற்று வெளியேற்றும் விசிறியை நான்கு நிமிடமாவது ஓடவிட வேண்டும். முகர்ந்தும் பாருங்கள்.

*

ஜாக்கெட்டில் ஒரு விசில் தொங்குவது அலங்காரத்துக்கு அல்ல. அலைக்கு நடுவே தலை மட்டும் தெரியும் ஒருவரைக் கண்ணால் கண்டுபிடிப்பது மிகக் கடினம். கத்தினால் சீக்கிரம் தொண்டை கட்டிவிடும். விசிலுக்கு மூச்சு இருந்தால் போதும்.

*

இரவுக் கடலில் எரியும் வண்ண விளக்குச் சமிக்ஞையை உலகுக்குக் கொடுத்தவர் ஒரு கைம்பெண். மார்த்தா காஸ்டன் என்ற அந்த அமெரிக்கப் பெண்மணி, இறந்துபோன கணவரின் காகிதக் கட்டில் அரைகுறையாகக் கிடந்த திட்டத்தைக் கண்டெடுத்தார். சிவப்பும் வெள்ளையும் கிடைத்தன. மூன்றாவது நிறம் கைகூடவில்லை. அட்லாண்டிக் கடலடித் தந்தி வெற்றிக்காக 1858-இல் நியூயார்க்கில் விட்ட வாணவேடிக்கையைப் பார்த்துத்தான் அந்த மூன்றாவது நிறத்துக்கு யோசனை பிறந்தது. 1859-இல் காப்புரிமை வந்தது, கணவர் பெயரில். தன் பெயரிலேயே ஒன்று பெற 1871 வரை காத்திருந்தார். ஆண்டுக்கணக்கில் உழைத்த அந்தப் பெண்ணின் பெயர் இன்னும் பரவலாகத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

கையில் பிடிக்கும் தீச்சமிக்ஞையைக் காற்று போகும் பக்கமாக, படகுக்கு வெளியே நீட்டிப் பிடியுங்கள்; கங்கு சொட்டும். அமெரிக்காவில் அதன் ஆயுள் தயாரித்த நாளிலிருந்து 42 மாதம்.

*

வானொலியில் மூன்று முறை சொல்லும் ‘மேடே’ மே மாதத்தோடு சம்பந்தப்பட்டதல்ல. “எனக்கு உதவுங்கள்” என்ற பிரெஞ்சு ஒலி. கடலில் அதற்கான இடம் வி.எச்.எஃப். 16-ஆம் சேனல். முதலில் இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். இணைப்பு அறுந்தாலும் தேடி வர அது போதும்.

*

2018 செப்டம்பர். உலகைத் தனியாகச் சுற்றிவரும் பந்தயத்தில் இருந்த அபிலாஷ் டோமியின் பாய்மரப் படகு தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்தது. முதுகில் பலத்த அடி, நடக்க முடியவில்லை. எபிர்ப் என்ற கருவியை இயக்கிவிட்டதாகச் செய்தி அனுப்பினார். அது 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அபாயக் குரல் எழுப்பும். மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அவரை மீட்டது. இந்தச் செயற்கைக்கோள் ஏற்பாட்டால் முதல் உயிர் மீண்டது 1982-இல், கனடாவில். கருவியை வாங்கினால் பதிவு செய்துவிடுங்கள். படகு யாருடையது, வீட்டில் யாரைக் கேட்பது என்பதெல்லாம் மீட்பு மையத்துக்கு உடனே தெரியும்.

*

நைலான் கயிறு மூழ்கும். பாலிபுரோப்பிலீன் கயிறு மிதக்கும். விழுந்தவருக்கு வீச எடுத்து வைப்பது இரண்டாவதாக இருக்கட்டும்.

*

செலவே இல்லாத ஒரு கருவி, கரையில் விட்டுப்போகும் துண்டுச் சீட்டு. எந்தப் படகு, எத்தனை பேர், எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவோம். கீழே: ‘ஆறு மணிக்குள் போன் வராவிட்டால் 1554.’ இந்தியக் கடலோரக் காவல் படையின் எண் அது. தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் காவல் துறைக்கு 1093.